எடை குறைந்த பேட்டரி: வேகத்துக்கா, வீம்புக்கா?

சனிக்கிழமை காலையில் சுபாங் ஜெயாவின் யு.எஸ்.ஜே. கடைவரிசைகள் பக்கம் போனால், ஏதாவது ஒரு பட்டறையின் முன்னால் பொனட்டைத் திறந்துபோட்டபடி ஒரு புரோட்டோன் சத்ரியாவோ பெரோடுவா மைவியோ நிற்கும். சுற்றிலும் மூன்று நான்கு இளைஞர்கள் குனிந்து எதையோ ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். கார்பன் பொனட் போட்டாயிற்று, பின்னிருக்கையைக் கழற்றியாயிற்று, ரிம்மும் மாற்றியாயிற்று. இனி எங்கே எடையைக் குறைக்கலாம் என்று பார்க்கும்போது, மூலையில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் மேல் கண் விழுகிறது.

அன்றிரவு வீட்டில் நடக்கும் உரையாடல் பலருக்கும் பழக்கமானதுதான்.

“ஓடிக்கிட்டிருக்கிற பேட்டரிய எதுக்குடா மாத்துற?”

“அப்பா, அது பதினோரு கிலோப்பா. புதுசு ரெண்டு கிலோதான்.”

“ரெண்டு கிலோ சாமானுக்கு ஆயிரம் வெள்ளியா?”

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. குறைகின்ற அந்த ஒன்பது கிலோவோடு சேர்ந்து வேறு என்ன குறைகிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால், பணம் மட்டுமல்ல, நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கில்லாத காரோடு நிற்கும் அபாயமும் வந்து சேரும்.

சுபாங் ஜெயாவுக்கு இந்த வேக ஆசை புதிதல்ல. 1976-இல் சீபீல்டு ரப்பர் தோட்ட நிலத்தில் இந்த நகரம் உருவாகத் தொடங்கியபோதே, பக்கத்தில் பத்து தீகா பந்தயத் தடம் இருந்தது. 1968-இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தில் 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. 2003-இல் அதை இடித்து வீடுகள் கட்ட இடம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 1999-இல், செப்பாங் தடம் திறக்கப்பட்டுவிட்டது. யு.எஸ்.ஜே.யிலிருந்து எலைட் நெடுஞ்சாலையைப் பிடித்தால் செப்பாங் தூரமில்லை. 2002-இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் காரை ஓட்டி உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி பட்டத்தை வென்றபோது, உள்ளூர்க் காரை நம்பி உலகத்தோடு மோதலாம் என்ற எண்ணம் பல இளைஞர்களுக்கு வந்தது. அந்த ஆர்வத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்து செலவழிக்கச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

பதினோரு கிலோவுக்குள் என்ன இருக்கிறது?

சாதாரணக் கார் பேட்டரி ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்டது. ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட், மொத்தம் ஏறக்குறைய 12.6 வோல்ட். கடைகளில் என்.எஸ்.60 என்று கேட்டு வாங்குவதன் இன்றைய ஜப்பானிய அடையாள எண் 46பி24. முதல் எண் அதன் திறனைச் சொல்லும் தரவரிசை, நடுவிலுள்ள எழுத்து அகல உயரத்தைக் குறிப்பது, 24 என்பது சென்டிமீட்டரில் அதன் நீளம். கடைசியில் வரும் எல் அல்லது ஆர் என்ற எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். இந்தக் கடைசி எழுத்தைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, வயர் எட்டவில்லை என்று திரும்பி வருபவர்கள் உண்டு.

இந்த பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 45 ஆம்பியர் மணி. ஆம்பியர் மணி என்பது தண்ணீர்த் தொட்டியின் அளவு போன்றது. ஆம்பியர் என்பது குழாயின் வாய் போன்றது. எஞ்சினைக் கிளப்புவதற்கு வாய் அகலமாக இருக்க வேண்டும், தொட்டி பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது, இரண்டு விநாடியில் எஞ்சின் ஓடிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவாவது 0.1 ஆம்பியர் மணிகூட இல்லை. மகன் சொல்வதற்கு ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. காரைக் கிளப்ப மட்டும் என்றால் இரண்டு கிலோ பேட்டரியே போதும்.

அப்படியானால் மீதமுள்ள 44-க்கும் மேற்பட்ட ஆம்பியர் மணி எதற்கு? எஞ்சின் ஓடாத நேரத்துக்கும், ஓடியும் போதாத நேரத்துக்கும்தான்.

நிறுத்தி வைத்த காரிலும் அலாரம், கணினி, வானொலியின் நினைவு என்று 50 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஓர் இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு வாரம் நின்றாலும் பாதிக்கு மேல் இறங்காது. 16 ஆம்பியர் மணி பேட்டரி ஒரே வாரத்தில் பாதியாகிவிடும். தீபாவளிக்கு ஈப்போவுக்கு இன்னொரு காரில் போய்விட்டு, அல்லது இரண்டு வாரம் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருகினால், “டக்” என்ற ஓசை மட்டும் கேட்கும். நிறுத்தியிருக்கும்போதும் படம்பிடிக்கும் டேஷ்கேம் பொருத்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது 0.3 ஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல் போய்விடும்.

அடுத்தது நெரிசல். மாலை ஆறு மணிக்குப் பெர்சியாரான் கெவாஜிப்பானில் பெருமழை. ஏர்கான், ரேடியேட்டர் விசிறி, வைப்பர், முகப்பு விளக்கு எல்லாம் ஓடுகின்றன. எஞ்சினோ சும்மா நின்று முனகுகிறது. அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் முழுத் திறனில் மின்சாரம் தராது. பற்றாக்குறையை பேட்டரிதான் ஈடுகட்டுகிறது. வேகத்துக்காக எஞ்சினில் சிறிய புல்லி பொருத்தியவர்களுக்கு ஆல்டர்னேட்டர் இன்னும் மெதுவாகச் சுற்றும். சிறிய புல்லியையும் சிறிய பேட்டரியையும் ஒரே மாதத்தில் மாற்றுவது, வரவைக் குறைத்துக்கொண்டு சேமிப்பையும் கரைப்பது போன்றது.

மூன்றாவதுதான் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்துவிட்டது என்று வையுங்கள். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், விளக்குகள் சேர்ந்து 25 ஆம்பியர் இழுக்கும் ஒரு கார், நல்ல நிலையிலுள்ள 45 ஆம்பியர் மணி பேட்டரியை வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். எலைட் சாலையிலிருந்து இறங்கி வீடு வந்து சேர்ந்துவிடலாம். 16 ஆம்பியர் மணியில் அரை மணி நேரம். 4 ஆம்பியர் மணியில் பத்து நிமிடம்கூட இல்லை. பிறகு லாரிகள் பாயும் சாலையில் அபாய விளக்குகூட எரியாத கார்.

பெட்டியின்மேல் உள்ள எண்கள்

விற்பவர்கள் பெரும்பாலும் தொட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. குழாயைப் பற்றித்தான் பேசுவார்கள். அதிலும் அளவுகள் பல. குளிர்நிலைத் தொடக்க மின்னோட்டம் என்ற சி.சி.ஏ. எண், பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை குளிரில் 30 விநாடிக்கு ஒரு பேட்டரி எவ்வளவு தரும் என்பதைச் சொல்வது. சுபாங் ஜெயாவில் அந்தக் குளிர் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. ஆனாலும் இரண்டு பேட்டரிகளை ஒப்பிட அது நேர்மையான அளவுகோல்.

பந்தயக் கார்க்காரர்களிடையே பேர்போன ஒடிசி பி.சி.680 பேட்டரியை எடுத்துக்கொள்ளலாம். எடை 7 கிலோ, கொள்ளளவு 16 ஆம்பியர் மணி. பெயரிலுள்ள 680 என்ற எண்ணைப் பார்த்து, நம் காரில் இருப்பதைவிட இரண்டு பங்கு சக்தி என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த 680 ஆம்பியர், ஐந்து விநாடி மட்டும் தரக்கூடிய வீச்சு. அதன் சி.சி.ஏ. 170 மட்டுமே. தயாரிப்பாளர் இரண்டு எண்களையும் வெளிப்படையாகவே தருகிறார். பெரிய எண்ணை மட்டும் படிப்பது வாங்குபவரின் தவறு.

லித்தியம் பேட்டரிகளில் வேறொரு கண்கட்டு இருக்கிறது. சில பெட்டிகளில் “ஈயத்துக்கு இணையான” ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பார்கள். எஞ்சினைக் கிளப்பும் திறனில் 12 ஆம்பியர் மணி ஈய பேட்டரிக்குச் சமம் என்பதே அதன் பொருள். உள்ளே உண்மையில் சேமித்திருப்பது அதில் மூன்றில் ஒரு பங்காக இருக்கலாம். முன்பு சொன்ன 4 ஆம்பியர் மணி, பத்து நிமிடக் கணக்கு இதுதான்.

எந்த லித்தியம்?

லித்தியம் என்றாலே தீப்பற்றும் என்று பெற்றோர் அஞ்சுவதில் காரணம் இல்லாமல் இல்லை. 2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 விமானத்தின் லித்தியம் பேட்டரி தீப்பற்றியது. சில நாட்களில் ஜப்பானில் இன்னொரு விமானம் பேட்டரிக் கோளாறால் அவசரமாகத் தரையிறங்கியது. உலகெங்கும் அந்த ரக விமானங்கள் சில மாதங்கள் பறக்காமல் நின்றன. அங்கும் எடையைக் குறைக்கத்தான் லித்தியத்துக்குப் போனார்கள்.

ஆனால் அது கோபால்ட் கலந்த ரகம். கார்களுக்கு விற்கப்படும் தொடக்க பேட்டரிகளில் பெரும்பாலானவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் ரகம். கோபால்ட் ஆக்சைடு சூடேறினால் ஆக்சிஜனை வெளிவிட்டுத் தீக்குத் தானே துணை போகும். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அவ்வளவு எளிதில் பிரியாது. தீயே பற்றாது என்று இதற்குப் பொருளில்லை. பற்றுவதற்கு இன்னும் பெரிய தவறு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேதியியலில் ஒரு தமிழர் கையும் இருக்கிறது. தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, 1981-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர் ஆறுமுகம் மந்திரம். 1980-களில் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃபுடன் சேர்ந்து, பாஸ்பேட், சல்பேட் போன்ற தொகுதிகளைக் கொண்ட பொருள்களை பேட்டரிக்குப் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்தார். அந்த வழியில் போய்த்தான் 1997-இல் குடினஃபின் ஆய்வுக்குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. குடினஃபுக்கு 2019-இல் நோபெல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபெல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம். யு.எஸ்.ஜே. பட்டறையில் லித்தியம் பேட்டரியைக் கையில் தூக்கி வியக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லி வைப்பது நல்லது.

பெரிய நிறுவனங்களே இதை எப்படிக் கையாண்டன என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 2010-இன் தொடக்கத்திலிருந்து 911 ஜிடி3 போன்ற கார்களுக்கு லித்தியம் தொடக்க பேட்டரியை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. எடை 6 கிலோவுக்கும் குறைவு. வழக்கமான 60 ஆம்பியர் மணி ஈய பேட்டரியைவிட 10 கிலோவுக்கு மேல் மிச்சம். ஜெர்மனியில் விலை 1,904 யூரோ. கொள்ளளவு 18 ஆம்பியர் மணி. அதாவது, அவ்வளவு விலை வாங்கிய நிறுவனமும் நான்கு ஆம்பியர் மணிக்கு இறங்கவில்லை. கடுங்குளிரில் லித்தியம் தடுமாறும் என்பதால், வழக்கமான ஈய பேட்டரி ஒன்றையும் கூடவே கொடுத்தனுப்பினார்கள். பந்தயத் தடத்துக்கு ஒன்று, பனிக்காலத்துக்கு ஒன்று.

நம் நாட்டில் பனி இல்லை. இங்கே எதிரி சூடு. பேட்டரியைப் பொறுத்தவரை 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. குளிர்நாடுகளில் ஐந்தாண்டு உழைக்கும் ஈய பேட்டரி இங்கே இரண்டாண்டில் கையை விரிப்பது அதனால்தான். லித்தியம் தயாரிப்பாளர்கள் பலர் 60 பாகையை எல்லையாகச் சொல்கிறார்கள். வெயிலில் ஓடி வந்து நிறுத்திய காரின் பொனட்டுக்குள், புகைபோக்கிக் குழாய்க்குப் பக்கத்தில், அந்த எல்லையைத் தொடுவது பெரிய காரியமல்ல.

இன்னொன்று மின்னழுத்தம். இரும்பு பாஸ்பேட் பேட்டரி 14.6 வோல்ட் வரை ஏற்கும். பழைய காரின் ரெகுலேட்டர் கெட்டு 15-ஐத் தாண்டினால், ஈய பேட்டரி கொதித்து நாற்றமடித்து எச்சரிக்கும். லித்தியத்தில் உள்ளிருக்கும் காவல் மின்சுற்று பட்டென்று இணைப்பைத் துண்டிக்கும். எஞ்சின் ஓடும்போது அப்படித் துண்டித்தால், போக இடமில்லாத ஆல்டர்னேட்டர் மின்சாரம் எகிறி, எஞ்சின் கணினியையே கெடுக்கக்கூடும். பிறகு ஆயிரம் வெள்ளி பேட்டரியைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். லித்தியம் வாங்குவதற்கு முன் பத்து இருபது வெள்ளி மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி, எஞ்சின் ஓடும்போது முனைகளில் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கிங்கு ஆடினால் முதலில் ஆல்டர்னேட்டரைக் கவனிக்க வேண்டும்.

ஒன்பது கிலோவின் விலை

இனி மகன் எதிர்பார்க்கும் வேகம். ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள காரில் 9 கிலோ என்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 10 விநாடி எடுக்கும் காருக்கு, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாகத்தான் மிச்சமாகும். ஓட்டுபவரின் உடம்புக்கு அது தெரியாது. 40 லிட்டர் தொட்டியைப் பாதி மட்டும் நிரப்பினால் ஏறக்குறைய 15 கிலோ குறையும், அதற்குச் செலவே இல்லை.

பந்தயத் தடத்தில் கணக்கு மாறும். செப்பாங் தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். 1,000 கிலோமீட்டர் நெடும்பந்தயத்தில் 181 சுற்று ஓட வேண்டும். சுற்றுக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சமானாலும் கடைசியில் 18 விநாடி. பரிசை மாற்றக்கூடிய இடைவெளி அது. மேலும், முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பேட்டரி முன் அச்சுக்கு முன்னால், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே குறையும் ஒரு கிலோவுக்கு மதிப்பு அதிகம், வளைவில் காரின் மூக்கு சொன்னபடி கேட்கும். பந்தயக் காருக்கு டேஷ்கேம் கிடையாது, வாரக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் நிற்பதும் கிடையாது. செப்பாங்கில் 2017 வரை ஓடிய பார்முலா ஒன் கார்களைக் குழுவினர் வெளியிலிருந்து ஒரு கருவியை நுழைத்துக் கிளப்பியதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்த வசதி தைப்பான் கார் நிறுத்துமிடத்தில் கிடைக்காது.

மூக்குப் பாரத்தைக் குறைக்க பேட்டரியைப் பின்பக்க பூட்டுக்குள் கொண்டுபோவதும் நடக்கிறது. இதில் கணக்குத் தப்பினால் வேடிக்கைதான். ஐந்து மீட்டர் நீளத்துக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால், 200 ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் வழியிலேயே தொலையும். இரண்டு மடங்கு தடித்த வயர் போட்டால் இழப்பு பாதியாகும், ஆனால் செம்பின் எடை மட்டும் 2 கிலோவைத் தாண்டும். மிச்சம் பிடித்த எடையில் ஒரு பகுதி வயராகத் திரும்பி வந்துவிடுகிறது. பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இல்லாத வயர், விபத்தில் நசுங்கினால் தீப்பொறிக் கயிறு. அமிலம் ஊற்றும் சாதாரண பேட்டரியை மூடிய பூட்டுக்குள் வைத்தால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு உள்ளேயே தேங்கும். அங்கே வைப்பதானால் ஏ.ஜி.எம். எனப்படும், கண்ணாடி நாரில் அமிலத்தை உறிஞ்சி மூடப்பட்ட வகையை வெளியே வாயுக் குழாயோடு வைப்பதே முறை.

ஆகவே, வேலைக்கும் போய், மாதம் ஒருமுறை தடத்துக்கும் போகும் காருக்கு, உரிய அளவில், 30 ஆம்பியர் மணிக்குக் குறையாத ஏ.ஜி.எம். பேட்டரி போதுமானது. ஒன்றிரண்டு கிலோதான் குறையும் என்று முகம் சுளிப்பவர்கள் பின்னிருக்கைக்கு அடியில் கிடக்கும் சாமான்களை முதலில் எடுத்துப் பார்க்கலாம். நின்றால் எஞ்சின் தானே அணைந்து மீண்டும் கிளம்பும் வசதியுள்ள புதிய கார்களில், தயாரிப்பாளர் சொன்ன வகையை மாற்றவே கூடாது. தடத்துக்கென்றே ஒதுக்கிய காருக்கு லித்தியம் தாராளமாக வாங்கலாம். அதற்குரிய சார்ஜரையும், இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சையும் சேர்த்தே விலை கேட்க வேண்டும்.

எதை வாங்கினாலும் அதைக் கட்டி வைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. பெரிய தட்டில் சிறிய பேட்டரியை வைத்து பிளாஸ்டிக் பட்டையால் இழுத்துக் கட்டும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. எஞ்சின் சூட்டில் அந்தப் பட்டை இளகும். ஒரு பள்ளத்தில் இறங்கும்போது பேட்டரி துள்ளி, முனை பொனட்டைத் தொட்டால் போதும். உலோகப் பிடி செய்ய ஆகும் செலவு ஐம்பது வெள்ளியோ நூறு வெள்ளியோ, அதைப் பேட்டரி விலையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கழற்றிய பழைய பேட்டரியை வீட்டின் பின்புறம் போட்டு வைப்பதும் சரியல்ல. ஈய பேட்டரி, 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி எஸ்.டபிள்யூ.102 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள், ஈயத்துக்கு மதிப்பு உண்டு. லித்தியம் எஸ்.டபிள்யூ.103 பட்டியலில் வருகிறது. அதைப் பழைய பேப்பர் லாரிக்காரரிடம் மற்ற இரும்புச் சாமானோடு சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. லாரியில் நசுங்கினால் அவர் கையில்தான் தீப்பிடிக்கும். வாங்கும்போதே, திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டு வைப்பது நல்லது.